இணையவழிக் கல்வியும் மாணாக்கர் சிரத்தையும்

கல்வியைப் பற்றிப் பேசுவோர் இந்நாளில் இரு கட்சியாராகப் பிரிந்து நிற்கின்றனர். இணையத்தின் வழியே பாடஞ் சொல்லும் முறை வந்துவிட்டது. இனிக் குக்கிராமத்துக் குடிசையில் இருப்பவனுக்கும் உலகத்தின் தலைசிறந்த பண்டிதரே ஆசிரியர் என்று களிப்போர் ஒரு சாரார். பாடம் திரையில் ஓடிக்கொண்டிருக்க மாணாக்கன் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். இக்காலத்துப் பிள்ளைகளிடம் சிரத்தை என்பதே அற்றுப்போயிற்று என்று நோவோர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் முற்றிலும் ஒத்திருக்கின்றனர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாடத்தைக் கொண்டுபோய் மாணாக்கன் முன்னே வைத்துவிட்டால் ஆசிரியர் கடமை தீர்ந்தது. அதற்குமேல் கற்பதும் கல்லாது விடுவதும் அவன் பாடு என்பதே இருவர் உள்ளத்திலும் உள்ள எண்ணம். முன்னவர் அதனை நம்பிக்கையோடு சொல்கின்றனர். பின்னவர் சலிப்போடு சொல்கின்றனர். அவ்வளவே வேற்றுமை.

இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கப் பத்தாண்டுக்கு மேற்பட்ட அநுபவம் இப்பொழுது நம்முன் இருக்கிறது. ஆதலின் அபிப்பிராயங்களை ஒருபுறம் வைத்து, நடந்தவற்றை நோக்குவோம்.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஸர்வகலாசாலையில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் என்னும் இருவர், செயற்கை அறிவைப் பற்றிய தங்கள் பாடத்தை இணையத்தில் எவரும் இலவசமாகப் பயிலலாம் என்று அறிவித்தனர். சற்றேறக்குறைய 1,60,000 பேர் பெயர் கொடுத்தனர். ஒரு கலாசாலை மண்டபத்தில் சில நூறு பேருக்குச் சொல்லும் பாடத்தை ஒரு நகரத்து ஜனத்தொகைக்கு நிகரானவர் கேட்க வந்தது கண்டு உலகம் வியந்தது. மறு வருஷமே, 2012-இல், கோர்ஸெரா, யுடாசிட்டி, எட்எக்ஸ் என்னும் ஸ்தாபனங்கள் தோன்றின. மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவ்வாண்டு மின்சுற்றுக்களைப் பற்றி நடத்திய பாடத்தில் மங்கோலியா தேசத்துப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் முழு மதிப்பெண் பெற்றான். பத்திரிகைகள் அவனைக் கொண்டாடின. அவன் அப்பெருமைக்கு உரியவனே. ஆனால் அப்பாடத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஏறக்குறைய 1,55,000 பேர் என்பதையும், அவருள் தேறிச் சான்றிதழ் பெற்றவர் 7,157 பேரே என்பதையும் அதே மூச்சில் சொன்னவர் சிலர்தாம்.

நம் நாட்டில் ஏகலைவன் கதையை அறியாதார் இலர். களிமண்ணால் ஆசாரியர் உருவைச் செய்து, அதன் முன்னே நின்று வில்வித்தையில் அர்ச்சுனனை மிஞ்சினான் என்பது கதை. அவன் பெயர் இத்தனை நூற்றாண்டுகளாய் நம் நாவில் நிற்பதற்குக் காரணம், அவனைப் போன்றவர் அரியர் என்பதே. அவனை முன்மாதிரியாக வைத்துக் கதை சொல்லலாம். அவனை முன்மாதிரியாக வைத்து ஒரு தேசத்தின் கல்வி ஏற்பாட்டை வகுத்தல் தகுமா?

அப்புறம் என்ன நடந்தது? ஹார்வர்டு ஸர்வகலாசாலையும் மேற்சொன்ன தொழில்நுட்பக் கழகமும் 2012 முதல் 2018 வரை நடத்திய பாடங்களின் கணக்கை ஆராய்ந்து 2019-இல் 'ஸயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவேயில்லை. 2017-18-ஆம் வருஷத்தில் முடித்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர். வருஷங்கள் செல்லச் செல்ல இந்த விகிதம் ஏறவில்லை, குறைந்தது. பாடஞ் சொல்லும் திறமையும் படமெடுக்கும் திறமையும் வளர்ந்தன. ஆயினும் மாணாக்கர் நிலைத்து நிற்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்புண்டு. அது நியாயமான மறுப்பே. புத்தகசாலைக்குள் நுழைந்து ஒரு நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவனையெல்லாம் படிக்கத் தவறியவன் என்று சொல்லலாமா? இலவசமாகக் கிடைக்கும் பாடத்துக்கு வேடிக்கையாய்ப் பெயர் கொடுத்தவர் பலர். தமக்கு வேண்டிய ஒரு பகுதியை மட்டும் கேட்டுப் போனவர் சிலர். சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானால் பணங் கட்டிச் சான்றிதழ் வேண்டுமென்று துணிந்து வந்தவர் கதை யாது? அதே ஆராய்ச்சியின்படி அவ்வருஷத்தில் அவர்களிலும் நூற்றுக்கு 46 பேரே முடித்தனர். பணத்தைக் கொடுத்தவன் வேடிக்கை பார்க்க வந்தவனல்லன். அவனும் பாதிவழியில் நின்றானெனில் குறை அவன் விருப்பத்தில் இல்லை.

குறை எங்கே என்று தேடினவர் பலவற்றைச் செய்து பார்த்தனர். பாடப் படங்கள் நீளமாயிருப்பதே காரணம் என்றனர் சிலர். எட்எக்ஸ் பாடங்கள் நான்கில் 69 லட்சம் முறை படம் பார்க்கப்பட்ட விவரத்தை 2014-இல் ஆராய்ந்தபொழுது, படம் எத்துணை நீண்டதாயினும் மாணாக்கன் நிலைத்துப் பார்ப்பது சராசரியில் ஆறு நிமிஷத்துக்கு மேற்போகவில்லை என்று கண்டனர். படங்களைச் சிறு துண்டுகளாக வெட்டுதல் அதன்பின் வழக்கமாயிற்று. அதனால் தீங்கில்லை. ஆயினும் அரைமணி நேரம் ஒன்றைத் தொடர்ந்து சிந்திக்கும் சக்தியை வளர்ப்பதும் கல்வியின் வேலையல்லவா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேறு சிலர் மனோதத்துவ உபாயங்களை நாடினர். எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே அமர்ந்து படிக்கப் போகிறாய் என்று மாணாக்கனை முதலிலேயே எழுதச் செய்தல், இப்படிப்பால் நீ மதிக்கும் எந்த நோக்கம் நிறைவேறும் என்று எண்ணச் செய்தல் முதலியவை அவ்வுபாயங்கள். சிறு சோதனைகளில் இவை நல்ல பலன் தந்தன. பின்னர் ஏறக்குறைய 250 பாடங்களில், இரண்டரை லட்சம் மாணாக்கருக்கு மேற்பட்டோரிடையே செய்து பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் மிகச் சிறிது. தொடக்கத்து வாரங்களில் திட்டமிட்டவன் சற்று முயன்றான்; பாடம் முடியுமளவும் அம்முயற்சி நிற்கவில்லை. ஒரே உபாயம் எல்லாருக்கும் எல்லாவிடத்தும் பலிக்கும் என்ற எண்ணத்தை அச்சோதனை செய்தவரே கைவிட்டனர். நேர்மையான ஆராய்ச்சி என்று அதனைப் பாராட்டலாம்.

இவ்வளவும் தாமாக விரும்பி வந்தவரைப் பற்றிய கதை. கட்டாயத்தின்பேரில் திரைமுன் அமர்த்தப்பட்டவர் கதை இதனினும் கவலை தருவது. 2013-இன் முற்பகுதியில் கலிபோர்னியாவிலுள்ள ஸான் ஹோஸே ஸர்வகலாசாலை, யுடாசிட்டியோடு சேர்ந்து மூன்று பாடங்களை இணையவழியே நடத்திற்று. அடிப்படைக் கணிதத்தில் பின்தங்கினவர், ஏழைக் குடும்பத்தினர், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்கு மலிவாகக் கல்வி தருவது நோக்கம். நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. அடிப்படைக் கணிதப் பாடத்தில் பயின்றவருள் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. அவ்வாண்டு ஜூலையிலேயே ஏற்பாட்டை நிறுத்திவைத்தனர். இரண்டாண்டுக்கு முன் உலகை வியக்கவைத்த த்ருன் என்பாரே, தம் ஸ்தாபனம் தந்த சரக்கு தரக்குறைவானது என்று அவ்வருஷ இறுதியில் வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மையொன்று இருக்கிறது. இணையவழிக் கல்வி யாருக்குப் பயன்படுகிறது? ஏற்கெனவே கற்றவருக்கு, கற்கும் வழக்கத்தைக் கைவரப் பெற்றவருக்கு. பட்டம் பெற்று உத்தியோகத்திலிருப்பவன் மாலையில் மற்றொரு வித்தையைத் திரைவழியே கற்றுக்கொள்கிறான். அவனுக்கு அது பெரிய வரப்பிரசாதம். எந்த ஏழைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இம்முறையைப் புகழ்கின்றனரோ, அந்தப் பிள்ளையே முதலில் நழுவி விழுகிறான். அவன் விழுந்த ஓசையும் யார் காதிலும் விழுவதில்லை. வகுப்பறையில் ஒருவன் வராவிட்டால் அவனிருந்த இடம் வெறுமையாய்த் தெரியும். திரையில் வெறுமை தெரிவதில்லை.

இனி நம் நாட்டு அநுபவம். 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் பள்ளி திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிவாசலை மிதியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. ஆசிரியர்கள் கைப்பேசி வழியே வினாத்தாள் அனுப்பினர். வசதி படைத்த பள்ளிகள் காலை முதல் மாலை வரை திரையில் வகுப்பு நடத்தின. அந்நாட்களில் கலாசாலை ஆசிரியர் எவரைக் கேட்டாலும் ஒரே கதையைச் சொன்னார். அறுபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசவேண்டும். கேள்வி கேட்டால் மௌனம். வகுப்பு முடிந்து யாவரும் விடைபெற்ற பின்னும் ஓரிரு கட்டங்கள் விலகாமல் நிற்கும். அவற்றுக்குரியவர் வருகையைப் பதிவு செய்துவிட்டு உறங்கப் போனவர் என்று அறிந்துகொள்ளவேண்டும்.

இதனைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. கருவியின் நிலையைச் சற்று நோக்குவோம். நாட்டுப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் 'ஏசர்' அறிக்கையின்படி, பள்ளியிற் சேர்ந்த பிள்ளைகளுள் திறன்பேசி உள்ள வீட்டினர் 2018-இல் நூற்றுக்கு 36.5, 2021-இல் 67.6. மூன்று வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டும் நகையை வைத்தும் கருவி வாங்கிய பெற்றோர் எத்தனை பேர் என்பதை இவ்வெண்கள் சொல்லமாட்டா. ஆனால் அதே அறிக்கை மற்றொன்று சொல்கிறது. வீட்டில் திறன்பேசி இருந்தும், அது கைக்குக் கிட்டாத பிள்ளைகள் நூற்றுக்கு 26 பேர். தகப்பன் வேலைக்குப் போகையில் கைப்பேசியும் உடன் போகிறது. மாலையில் அது வந்தால் மூத்தவனுக்குப் பரீட்சை, இளையவள் காத்திருக்கிறாள். இத்தகைய வீட்டுப் பெண்குழந்தையைப் பார்த்துச் சிரத்தையில்லை என்று சொல்பவர் தம் பேச்சின் பொருளைத் தாமே ஆராய்ந்துகொள்வாராக.

பள்ளி மூடியிருந்த காலத்தின் நஷ்டத்தை ஈடுசெய்யத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. ஏறக்குறைய இரண்டு லட்சம் தொண்டர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒருமணி அல்லது ஒன்றரைமணி நேரம், கோயில் வாயிலிலோ சமுதாயக் கூடத்திலோ வீட்டுத் திண்ணையிலோ இருபது பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாடம். இதிலே நவீன யந்திரம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த பொருளாதார நிபுணர்கள் கண்ட முடிவு இது: பள்ளி திறந்தபின் ஆறுமாத காலத்தில், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டனர், அம்மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இம்மாலை வகுப்புக்களால் வந்தது. ஒன்றரை வருஷம் சிரத்தையில்லாதவர் என்று பெயர் வாங்கிய அதே பிள்ளைகள்தாம் இவர்கள். ஆறுமாதத்திற்குள் அவர்கள் சுபாவம் மாறிவிட்டதா? மாறினது அவர்கள் இருந்த இடம். எதிரில் இருந்தது ஒரு மனித முகம்.

திண்ணை என்றதும் நினைவுக்கு வரும் பழங்கதை ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் தலைவரானார். நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதனைத் தம் விடுதியிலும் நடத்தச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர் இணங்கவில்லை. ஆகவே மூத்த மாணாக்கரைக் கொண்டே இளையோருக்குக் கற்பிக்கச் செய்தார். அது பலித்தது. 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியில் இவ்வேலையைச் செய்தவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். அப்பள்ளியில் பிரம்படியும் இருந்தது, சாதிக் கட்டுப்பாடும் இருந்தது. அவற்றைப் புகழ நாம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் பாடத்தைக் கேட்பதற்கு ஒருவன் பக்கத்தில் இருந்தான். நேற்றைய பாடம் வருகிறதா இல்லையா என்பது அன்றன்றே தெரிந்துபோகும்.

சிரத்தை என்பது மாணாக்கன் வீட்டிலிருந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரும் பொருளன்று. குறித்த நேரத்தில் ஓரிடத்துக்குப் போதல், பக்கத்திலிருப்பவன் கணக்கைப் போட்டு முடித்துவிட்டதைக் காண்டல், தவறாகச் சொன்ன விடையை ஒருவர் அப்பொழுதே திருத்துதல், இரண்டு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லையென்று ஒருவர் கேட்டல்: இவற்றிலிருந்து அது நாள்தோறும் உண்டாகிறது. வகுப்பறையில் இவையெல்லாம் செலவின்றித் தாமே நடைபெற்றன. ஆகவே இவற்றை யாரும் கணக்கில் எழுதவில்லை. திரைக்கு மாறியபொழுது பாடத்தை மாற்றினார்கள். கணக்கில் எழுதாத இவற்றை விட்டுவிட்டார்கள்.

தூரத்திலிருந்து கற்பிப்பதே ஆகாது என்று சொல்வது நம் கருத்தன்று. இங்கிலாந்தில் 1971-இல் பாடந் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரவுநேரத் தொலைக்காட்சிப் பாடங்களால் பேர்பெற்றது. ஆனால் அதனை நடத்தினோர் தொலைக்காட்சியை நம்பியிருக்கவில்லை. ஒவ்வொரு மாணாக்கனுக்கும் துணையாசிரியர் ஒருவரைக் குறித்தனர். அவன் எழுதியனுப்பியதை அவர் படித்துக் குறிப்பெழுதித் திருப்பியனுப்பினார். கோடையில் ஒருவாரம் யாவரும் கூடித் தங்கிப் படித்தனர். தொழிலாளரும் இல்லத்தரசிகளும் அங்கே பட்டம் பெற்றனர். நம் நாட்டிலும் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் பாடம் திரையிலாயினும், பரீட்சையை நேரில் வந்து எழுதவேண்டும். நேரில் வருதல் என்னும் அவ்வொன்றே படிப்பவனுக்கு நாளைக் குறித்துக் கொடுக்கிறது.

இவ்விஷயம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2017-இல் மத்திய அரசாங்கம் 'ஸ்வயம்' என்னும் இணையக் கல்வி ஏற்பாட்டைத் தொடங்கிற்று. அதன் வழியே ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை பயிலக் கலாசாலைகள் அநுமதிக்கலாம் என்று ஸர்வகலாசாலை மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது. அதற்குமுன் இந்த வரம்பு 20. ஆசிரியர் கிடைக்காத அரிய பாடத்தைச் சிற்றூர்க் கலாசாலை மாணாக்கனும் கற்க இது உதவும். அவ்வாறு உதவுமாயின் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆசிரியர் பதவி காலியானால் நிரப்பாமல் விடுவதற்கும் இதே விதி உதவும். வருஷக்கணக்காகக் காலியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு காலந் தள்ளும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அந்தச் செலவும் வேண்டாமென்று எண்ணத் தோன்றுவது நிர்வாகிகளுக்கு இயல்பு. அப்பொழுது சென்னையிலுள்ள பெரிய கலாசாலை மாணாக்கனுக்கு ஆசிரியரும் இருப்பார், திரையும் இருக்கும். பின்தங்கிய மாவட்டத்து மாணாக்கனுக்குத் திரை மாத்திரமே இருக்கும். முடிவில் அவன் தேறாவிட்டால் அவனுக்குச் சிரத்தையில்லை என்று எழுதிவிடுவார்கள்.

இதனைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஐ.ஐ.டி.களின் 'என்.பி.டெல்' பாடங்களுக்கு ஒவ்வொரு கலாசாலையிலும் கிளையும் வழிகாட்டி ஆசிரியரும் இருக்கலாமென்ற ஏற்பாடு முன்னமே உண்டு. அவ்வழிகாட்டியின் வேலை, மாணாக்கர் பெயரைப் பதிவு செய்து பரீட்சைக் கட்டணம் வாங்குவதோடு முடிந்துவிட்டால் பயனில்லை. வாரத்தில் இரண்டுமணி நேரம் அதற்கென்று அவருக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்நேரம் அவருடைய பாடவேளையாகக் கணக்கிடப்பட வேண்டும். ஓர் அறை வேண்டும். ஒரே பாடத்தை எடுத்தவர் அங்கே கூடி, அவ்வாரத்து வினாக்களைச் சேர்ந்து போட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு வாரம் விடை அனுப்பாதவன் பெயரை யந்திரமே காட்டும். காட்டிய பெயரைப் பார்த்து அவனைத் தேடிப் போவதற்கு ஓர் ஆள் வேண்டும். முந்திய வருஷம் அப்பாடத்தில் தேறிய மாணாக்கன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து, அவனுக்கும் சிறு தொகை கொடுக்கலாம்.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் இதில் வேலையுண்டு. வாசகசாலைகள் பல மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. சங்கக் கட்டடங்கள் தேர்தல் காலத்தில் மட்டும் திறக்கின்றன. இணையவழிப் படிப்பு எடுத்த ஊர்ப்பிள்ளைகள் பத்துப்பேர் வாரத்தில் இருமுறை கூடுவதற்கு ஒரு விளக்கும் ஒரு பெஞ்சும் இணையத் தொடர்பும் போதும். சட்டசபை அங்கத்தினரும் ஸர்வகலாசாலைப் பேரவை அங்கத்தினரும் வருகிற கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கவேண்டும். சென்ற பருவத்தில் இணையவழிப் பாடங்களுக்குப் பெயர் கொடுத்தவர் எத்தனை பேர், பரீட்சை எழுதியவர் எத்தனை பேர் என்பது முதற்கேள்வி. மூன்றாம் வாரத்தில் நின்றுபோனவனைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கென்று எந்தக் கலாசாலையில் யார் நியமிக்கப்பட்டிருக்கிறார், அவருக்கு என்ன சம்பளம் என்பது இரண்டாவது.